கடல் விட்டுப்போன கிராமங்கள்... மழையில் கரைந்த ராட்சச விலங்கு! - அரியலூர் மண்ணுக்குள் ஓர் அதிசயப் பயணம்

சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போகிறவர்களுக்கு அரியலூர் என்றதும் நினைவுக்கு வருவது சிமென்ட் ஆலைகளின் புகைபோக்கிகள்தான். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், 1956-ல் நடந்த ரயில் விபத்தையும், அதற்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதையும் சொல்வார்கள். மற்றபடி முந்திரித் தோப்பு, மக்காச்சோளக் காடு, சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள். சுற்றுலாவுக்குப் போகும் ஊர் என்று யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால், நிலவியல் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்கள் சேரும் இந்த மண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். காரணம், இங்கே ஒரு கடல் இருந்தது. கடற்கரை இன்று அரியலூரிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே தள்ளியிருக்கிறது. கடல் போய்விட்டாலும், அதில் வாழ்ந்த நத்தைகள், சிப்பிகள், சுறாக்கள் இந்த மண்ணிலேயே கல்லாகக் கிடக்கின்றன. கடலுக்குப் பக்கத்து நிலத்தில் டைனோசர்களும் நடமாடியிருக்கின்றன. அதில் ஒன்று, பூமியில் இதுவரை நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியதாக இருந்திருக்கலாம்!

அந்த ராட்சசனின் எலும்புகள் நம் கைக்குக் கிடைத்தன. ஆனால், இன்று அவை இல்லை. அந்தக் கதைக்குப் போவதற்கு முன், கடல் எப்படி இங்கே வந்தது என்று பார்த்துவிடலாம்.

உடைந்த கண்டம், உள்ளே வந்த கடல்

தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அன்டார்டிகா எல்லாம் ஒரு காலத்தில் ஒட்டிக்கொண்டு ஒரே நிலமாக இருந்தன. கோண்ட்வானா என்று அதற்குப் பெயர். அது பிளந்து துண்டு துண்டாக விலகியபோது, இந்தியாவின் கிழக்கு ஓரத்தில் நிலம் விரிசல் விட்டு, பள்ளங்கள் இறங்கின. அப்படி இறங்கிய ஒரு பள்ளம்தான் காவிரிப் படுகை.

அது கிரெட்டேசியஸ் காலம். அதாவது, 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். அப்போது உலகம் இப்போதைவிட வெப்பமாக இருந்தது. கடல் மட்டமும் உயரமாக இருந்தது. இறங்கிய பள்ளத்துக்குள் கடல்நீர் புகுந்தது. இன்று பருத்தி விளைகிற நிலத்தில் அலை அடித்தது. கடல் சில முறை ஏறியது, சில முறை பின்வாங்கியது. ஒவ்வொரு முறையும் ஒரு அடுக்கு சேறும் மணலும் சிப்பியும் படிந்தன. அந்த அடுக்குகள்தான் இன்று இப்பகுதியின் பாறைகள்.

இந்த அடுக்குகளுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் ஆச்சர்யமாக இருக்கும். சிவன் கோயிலுக்குப் பேர்போன ஊட்டத்தூர், அதை அடுத்து காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி, கல்லமேடு, நின்னியூர். எல்லாமே பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள். ஜப்பானிலோ ஜெர்மனியிலோ இருக்கும் ஓர் ஆய்வாளர், கிரெட்டேசியஸ் காலப் பாறைகளைப் பற்றி எழுதும்போது இந்த ஊர்ப் பெயர்களை அப்படியே எழுதுகிறார்.

இதில் ஒரு சுவாரஸ்யம், டால்மியாபுரம். கல்லக்குடிக்கு வைக்கப்பட்ட அந்தப் பெயரை எதிர்த்து 1953-ல் தி.மு.க போராடியதும், கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்ததும் தமிழக அரசியல் வரலாறு. ரயில் நிலையத்துக்குக் கல்லக்குடி என்ற பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால், அங்கே உள்ள ஒரு பாறை அடுக்கின் பெயர் நிலவியல் புத்தகங்களில் இன்னமும் டால்மியாபுரம்தான்!

சாத்தனூர்: கடலில் மூழ்கிய மரம்

பயணத்தை சாத்தனூரில் தொடங்கலாம். திருவண்ணாமலைப் பக்கம் அணை இருக்கும் சாத்தனூர் இல்லை. இது பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டத்தில் இருக்கும் சாத்தனூர். திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் உள்ள பாடாலூருக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது.

அங்கே ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டர். பார்த்தால் பட்டை உரிந்த பழைய அடிமரம் போலவே இருக்கும். தொட்டால்தான் தெரியும், அது கல். தட்டினால் கல்லின் ஓசை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் இதை உலகத்துக்குச் சொன்னார். தமிழரான இவர்தான் பின்னாளில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். இன்று இது தேசிய நிலவியல் நினைவுச் சின்னம்.

மரம் எப்படிக் கல்லாகும்? நார்த்தங்காயை உப்பில் ஊறவைத்தால், உப்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறது அல்லவா? அதுபோலத்தான். கரையில் வளர்ந்த மரம் வெள்ளத்தில் சாய்ந்து, ஆற்றோடு கடலுக்குப் போய், அடியில் சேற்றுக்குள் புதைந்தது. காற்றுப் படாததால் உடனே மக்கவில்லை. மண்ணுக்குள் ஊறிய நீரில் சிலிக்கா கரைந்திருந்தது. கண்ணாடி செய்யப் பயன்படும் மணலில் இருப்பதும் அதே பொருள்தான். அது மரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புகுந்து கெட்டியானது. மரம் போனது, மரத்தின் வடிவம் மட்டும் கல்லாக நின்றது.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இந்த மரம், பைன், தேவதாரு வகையறாவான ஊசியிலைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அது வளர்ந்த காலத்தில் நம் ஊர் ஆல், அரசு, வேம்பு எதுவும் உருவாகியிருக்கவில்லை. பூக்கும் தாவரங்களே அப்போதுதான் உலகில் பரவத் தொடங்கியிருந்தன.

காரை: செவ்வாய்க் கிரகம் போல ஒரு நிலம்

சாத்தனூரிலிருந்து சிறிது தூரத்தில் காரை. பச்சை வயல் சட்டென்று முடிந்து, செம்மண்ணும் சாம்பல் களிமண்ணுமாக வெடித்த நிலம் தொடங்குகிறது. மழைநீர் அரித்து அரித்து உண்டான ஓடைகள், குட்டிக் குட்டி மேடுகள், புல்கூட முளைக்காத சரிவுகள். வெயில் ஏறும்போது தரையில் ஆங்காங்கே கண்ணாடிச் சில்லு போல மின்னும். அது ஜிப்சம்.

கல்லூரி மாணவர்கள் பஸ் பிடித்துக் கூட்டமாக வந்து, குனிந்து நடக்கும் இடம் இது. குனியாமல் நடந்தால் எதுவும் தெரியாது. துப்பாக்கித் தோட்டா போல நீளமாக, ஒரு முனை கூராக இருக்கும் கற்கள் கிடக்கும். கணவாய் மீனின் பழங்கால உறவினரான பெலம்னைட்டின் உடலுக்குள் இருந்த பகுதி அது. சுருள் சுருளாக, ஆட்டுக்கடாவின் கொம்பு போல இருந்தால் அது அம்மோனைட். சுறாப் பற்களும் இங்கே கிடைத்திருக்கின்றன. டால்பின் போன்ற உருவத்தில் கடலில் நீந்திய இக்தியோசார் என்ற ஊர்வனவின் பற்களையும் ஆய்வாளர்கள் எடுத்திருக்கிறார்கள்.

அம்மோனைட் பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் நமக்குப் புதிதல்ல. பெருமாள் பக்தர்கள் வீட்டுப் பூஜையில் இருக்கும் சாளக்கிராமம், நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் அம்மோனைட்தான். உள்ளே தெரியும் சக்கரம், ஒரு காலத்தில் உயிரோடு நீந்திய பிராணியின் ஓடு. இமயமலை எழும்பும் முன் அங்கேயும் கடல் இருந்தது.

இந்தப் பகுதியின் கல்லுயிர்களை உலகம் அறிந்தது 1840-களில். மெட்ராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். பிறகு நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு ஊர் ஊராக நடந்து வரைபடம் போட்டார். ஐரோப்பாவிலிருந்து கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற இளைஞர், இங்கே கிடைத்த கிளிஞ்சல்களையும் நத்தைகளையும் அம்மோனைட்டுகளையும் ஒவ்வொன்றாகப் படம் போட்டு, பெயர் சூட்டி, தொகுதி தொகுதியாக நூல் எழுதினார். 1874-ல் லடாக் பயணத்தில் மலை உயரம் ஒத்துக்கொள்ளாமல் இறந்தபோது அவருக்கு 36 வயது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் இந்தக் கடலைப் படிப்பவர்கள் அவர் புத்தகத்தைத்தான் முதலில் திறக்கிறார்கள்.

கல்லங்குறிச்சி: நம் வீட்டுச் சுவரில் ஒரு கடல்

அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சி, கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பேர்பெற்ற ஊர். கம்பத்தையே பெருமாளாக வணங்கும் கோயில். ராமநவமித் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே திரளும். நிலவியல்காரர்களுக்கோ இது சிப்பிக் கல்லுக்குப் பேர்பெற்ற ஊர். கை அகலச் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கி வைத்தது போல, பாறை முழுக்க நிறைந்திருக்கின்றன.

சிப்பி ஓடு என்பது சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்தான் சிமென்ட்டின் மூலப்பொருள். அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகள் வந்ததற்குக் காரணம், இந்தப் பழைய கடல்தான். தமிழகத்தில் நீங்கள் குடியிருக்கும் வீட்டின் சுவரில், ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிப்பியின் பொடி இருக்க வாய்ப்பு அதிகம்.

சுரங்கங்கள் இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆய்வாளர்களுக்கும் அவை உதவியிருக்கின்றன. மண்ணுக்கு அடியில் பல மீட்டர் ஆழத்தில் இருக்கும் அடுக்குகளை, சுரங்கச் சுவரில்தான் வரிசையாகப் பார்க்க முடிகிறது. ஆனால், பார்க்கக் கிடைத்த வேகத்திலேயே அது வெட்டி எடுக்கப்பட்டு அரவைக்கும் போய்விடுகிறது. இன்று சுவரில் தெரிந்த சிப்பி, அடுத்த மாதம் மூட்டையில் இருக்கும்.

முட்டையா, கல்லா?

2009-ல் செந்துறை பகுதியில் டைனோசர் முட்டைக் கூடுகளைக் கண்டதாக சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தபோது, நாடே திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து இந்த வட்டாரத்தில் உருண்டையாக எது தென்பட்டாலும் 'டைனோசர் முட்டை'தான்.

2020 அக்டோபரில் அப்படித்தான் நடந்தது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், குளத்தில் பெரிய பெரிய உருண்டைகள் கிடைத்தன. படங்கள் வாட்ஸ்அப்பில் பறந்தன. கூட்டம் கூடியது. நிலவியலாளர்கள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது, அவை முட்டை இல்லை என்பதுதான். கடலடியில் செத்து விழுந்த அம்மோனைட்டைச் சுற்றிச் சேறும் தாது உப்புகளும் படிந்து இறுகிய உருண்டைகள் அவை. அந்தப் பாறை கடலில் உண்டானது. டைனோசர் கடலடியில் முட்டை போடாது.

இதே குழப்பம் விஞ்ஞானிகளுக்கும் நேர்ந்திருக்கிறது. இப்பகுதியில் கிடைத்த எலும்புகளை வைத்து, 1979-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். முதுகில் தகடுகள் கொண்ட வகை என்றார்கள். பெயர், திராவிடோசாரஸ்! ஆனால், 1990-களில் வேறு ஆய்வாளர்கள் அதே எலும்புகளைப் பார்த்துவிட்டு, 'இது டைனோசரே இல்லை, கடலில் நீந்திய ப்ளீசியோசார்' என்றார்கள்.

கல்லமேடு: மழை கரைத்த ராட்சசன்

கடல் பின்வாங்கிய பிறகு, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன், இங்கே ஆறுகள் ஓடின. அந்த ஆற்று மணலும் களிமண்ணும்தான் கல்லமேடு அடுக்கு. பிரிட்டிஷ் ஆய்வாளர் சார்லஸ் மேட்லி, இங்கே டைனோசர் எலும்புகள் இருப்பதை 1929-ல் எழுதினார்.

அவருக்குப் பிறகு இங்கே தோண்டியபோது வெளியே வந்தவை சாதாரண எலும்புகள் அல்ல. முழங்காலுக்குக் கீழே இருக்கும் கெண்டைக்கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம். உயரமான மனிதர் ஒருவர் அதன் பக்கத்தில் படுத்தாலும் எலும்பு அவரைவிட நீளம். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, வால் முள்ளெலும்பு ஒன்று ஆகியவையும் கிடைத்தன. 1987-ல் யாதகிரியும் அய்யாசாமியும் இதற்குப் பெயர் சூட்டினார்கள்: ப்ருஹத்காயோசாரஸ் மேட்லி. 'பிருஹத் காயம்' என்றால் பேருடல். பின்பாதி, மேட்லிக்கு மரியாதை.

முதலில் இதை மாமிசம் தின்னும் வகை என்றுதான் நினைத்தார்கள். பிறகு, நீண்ட கழுத்தும் தூண் போன்ற நான்கு கால்களும் கொண்ட, இலை தழை தின்னும் சாரோபாட் வகை என்று கருத்து மாறியது. அர்ஜென்டினாவில் கிடைத்த அர்ஜென்டினோசாரஸ், உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்று. அதன் கெண்டைக்கால் எலும்பு ஒன்றரை மீட்டரைச் சற்றே தாண்டும். கல்லமேட்டு எலும்பு அதைவிடக் கிட்டத்தட்ட அரை மீட்டர் நீளம்!

2023-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்த விலங்கின் எடை 110 டன் முதல் 170 டன் வரை இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. ஒரு யானை நான்கைந்து டன் என்று வைத்துக்கொண்டால், குறைந்தபட்சக் கணக்கிலேயே இருபதுக்கும் மேற்பட்ட யானைகளின் எடை. நிலத்தில் நடந்த விலங்கு ஒன்று நீலத்திமிங்கிலத்தோடு போட்டி போட்டிருக்கிறது என்றால், அது நம் அரியலூரில்!

சரி, அந்த எலும்பு எந்த மியூசியத்தில் இருக்கிறது? எங்கேயும் இல்லை.

அந்த மண்ணின் களி, ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த எலும்பு, வெளியே வந்ததும் மழையும் வெயிலும் பட்டு உதிரத் தொடங்கியது. காப்பாற்ற முடியவில்லை. பொடிப் பொடியாகிப் போனது. மிஞ்சியவை, ஆய்வுக் கட்டுரையும் அதில் இருந்த சில கோட்டுப் படங்களும்.

உலகம் சும்மா விடுமா? 'எலும்பைக் காட்டு' என்றது. 'அது எலும்பே இல்லை; சாத்தனூரில் இருப்பது போலக் கல்மரமாக இருக்கும்' என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. பதில் சொல்லக் கையில் எதுவும் இல்லை. 2022-ல்தான் தோண்டியபோது எடுத்த பழைய புகைப்படங்கள் சில வெளியிடப்பட்டன. 'நிஜமாகவே எலும்புதான் போலிருக்கிறது' என்று பேச்சு திரும்பியது. ஆனாலும், படத்தை வைத்து உலக சாதனையை உறுதி செய்ய முடியாது. அர்ஜென்டினோசாரஸின் மாதிரியைப் பார்க்க வெளிநாட்டு மியூசியங்களில் குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். கல்லமேட்டு ராட்சசன், 'இருந்திருக்கலாம்' என்ற ஒரு வார்த்தையில் நின்றுவிட்டது.

மழை திறக்கும், மழையே அழிக்கும்

இங்கே யாரும் தோண்டாமலேயே கல்லுயிர்கள் வெளியே வருகின்றன. ஒவ்வொரு ஐப்பசி மழையும் காரை ஓடைகளை இன்னும் கொஞ்சம் அரிக்கிறது. போன வருடம் மண்ணுக்குள் இருந்தது இந்த வருடம் மேலே தெரிகிறது. அதைத் தெரிந்தவர் யாராவது பார்த்து, இடத்தைக் குறித்து, எடுத்துப் பாதுகாத்தால் அது அறிவியல். யாரும் பார்க்காவிட்டால் அடுத்தடுத்த மழைகளில் அது மண்ணோடு மண். கல்லமேட்டில் நடந்தது அதுதான்.

மழையைவிட வேகமாக எடுத்துப் போகிறவர்களும் உண்டு. அழகாக இருக்கிறதே என்று அலமாரியில் வைக்க ஆளுக்கு ஒன்று எடுத்தால்கூட, சில வருடங்களில் மேற்பரப்பில் எதுவும் மிஞ்சாது. எந்த அடுக்கில், எந்த இடத்தில் கிடந்தது என்ற விவரம் இல்லாத கல்லுயிர், விலாசம் இல்லாத கடிதம் போல. அழகுக்கு ஆகும், ஆராய்ச்சிக்கு ஆகாது.

இதுபோன்ற நிலவியல் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்க, மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. அரியலூரை அடுத்த வாரணவாசியில் தமிழக அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. இப்பகுதியில் கிடைத்தவற்றை ஒரே இடத்தில் பார்க்கலாம். பயணத்தை முதலில் அங்கே தொடங்குவதும் நல்ல யோசனைதான். எது சிப்பி, எது அம்மோனைட் என்று கண் பழகிவிட்டால், காரையில் வெறும் கல்லாகத் தெரிந்ததெல்லாம் பேச ஆரம்பிக்கும்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* மார்கழி, தை மாதங்கள் ஏற்ற நேரம். கோடையில் காரையில் நிழலே கிடையாது. தண்ணீர், தொப்பி கட்டாயம்.

* மழை பெய்த மறுநாள் காரைச் சரிவுகளில் இறங்க வேண்டாம். களிமண் சோப்புப் போல வழுக்கும்.

* சுரங்கங்களுக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. கைவிடப்பட்ட குழிகளில் தேங்கியிருக்கும் நீரின் ஆழம் கரையிலிருந்து தெரியாது.

* கல்லுயிர் எதையும் எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். மொபைலில் லொக்கேஷனை ஆன் செய்துகொண்டால், எந்த இடம் என்பதும் படத்தோடு பதிவாகிவிடும். வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக ஏதாவது தென்பட்டால், அருங்காட்சியகத்துக்கோ பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் துறைக்கோ அந்தப் படத்தை அனுப்புங்கள்.

* இதே மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரமும் இருக்கிறது. கடல் கடந்து படை நடத்திய ராஜேந்திர சோழனின் தலைநகரையும், அவனுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இருந்த கடலையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.

கல்லமேட்டில் ஒரு விலங்கின் எலும்புகள் கிடைத்தன. அது தனியாகவா வாழ்ந்திருக்கும்? அதன் கூட்டமும் குட்டிகளும் இதே ஆற்றங்கரையில்தான் நடந்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது இன்னும் அந்தக் களிமண்ணுக்குள் படுத்திருக்கலாம். ஏதோ ஓர் ஐப்பசியில் அதன் எலும்பு முனை வெளியே தெரியும்போது, ஆடு மேய்க்க வந்த ஒரு சிறுவனோ, பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒரு சிறுமியோ அதைப் பார்த்து, 'இது வெறும் கல் இல்லை' என்று அடையாளம் கண்டுகொண்டால் போதும். இந்த முறை மழைக்கு முன்பே அதைப் பத்திரப்படுத்திவிடலாம்.